கண்ணுக்கு முந்திய ஊசி

நோய் இன்னதென்று கண்டறிந்த பின்னரே அதற்குரிய பரிகாரத்தைத் தேடுவது வைத்திய சாஸ்திரத்தின் முறை என்று நாம் பொதுவாக எண்ணிக்கொண்டிருக்கிறோம். ஆயினும் அந்தச் சாஸ்திரத்தின் சரித்திரத்தைச் சற்று நிதானமாகப் புரட்டிப் பார்ப்பவர்களுக்கு, பரிகாரம் முன்னே பிறந்து, நோயைப் பிரத்தியட்சமாகக் காணும் வழி பல ஆண்டுகள் கழித்து வந்து சேர்ந்த சந்தர்ப்பங்களும் தென்படும். கர்ப்பிணியின் கர்ப்பப்பை வாயை ஒலியலைகளைக் கொண்டு அளந்து, குறைப்பிரசவம் நேரக்கூடுமா என்று முன்கூட்டியே தெரிந்துகொள்ளும் இன்றைய ஸ்கேன் பரிசோதனையின் கதை அத்தகையது. திறந்துபோகும் வாயைக் கட்டும் ஊசியும் நூலும் 1955-இல் பம்பாயிலிருந்து உலகத்துக்குக் கிடைத்தன. அந்த வாய் திறப்பதைக் கண்ணால் பார்த்து மில்லிமீட்டரில் அளக்கும் வித்தை நிலைபெறுவதற்கு அதற்குப் பின் நாற்பது ஆண்டுகள் ஆயின. இடைப்பட்ட அந்த நாற்பது ஆண்டுகளில் வைத்தியர் ஒரு பெண்ணுக்குத் தையல் போடலாம் என்று தீர்மானிப்பதற்கு அவள் எத்தனை குழந்தைகளை இழந்திருக்க வேண்டியிருந்தது என்பதுதான், என் அபிப்பிராயத்தில், இந்தச் சரித்திரம் முழுவதையும் ஊடுருவி நிற்கும் கேள்வி.

கர்ப்பப்பையின் கீழ்ப்பகுதி குறுகிக் குழாயாக நீண்டு நிற்பதே அதன் வாய். நடுக் கர்ப்ப காலத்தில் அது சராசரியாக மூன்றரை சென்டிமீட்டர் நீளம் இருக்கும். அதற்கு உள்வாய் என்றும் வெளிவாய் என்றும் இரு முனைகள் உண்டு. பத்து மாதம் குழந்தையின் கனத்தையும் நீர்க்குடத்தின் அழுத்தத்தையும் தாங்கி மூடியிருக்க வேண்டிய அந்த வாய், சில பெண்களிடத்தில் நாலாம் மாதத்திலோ ஐந்தாம் மாதத்திலோ வலியும் இல்லாமல், பெரிதாக உதிரப்போக்கும் இல்லாமல், உள்ளிருந்து மெல்லத் திறக்கத் தொடங்கிவிடுகிறது. ஏதோ கனமாக இருப்பதுபோல் இரண்டொரு நாள் தோன்றும், பிறகு நீர்க்குடம் இறங்கிவிடும், அல்லது உடைந்துவிடும். குழந்தை குறையேதுமில்லாத குழந்தையாகவே இருக்கும். பிழைக்கும் பருவந்தான் வந்திராது. வைத்தியரின் விரலுக்கு எட்டுவதோ வெளிவாய். கர்ப்பப்பை வாயின் ஏறத்தாழப் பாதி, யோனியின் மேற்கூரைக்கு அப்பால் விரலுக்கு எட்டாத உயரத்தில் இருக்கிறது. ஆகவே உள்வாய் திறந்து பாதி நீளம் கரைந்துபோன பிறகும், கீழே தொட்டுப் பார்த்தவர் எல்லாம் சரியாக இருக்கிறதென்று சொல்லிவிட்டுப் போவது இயல்பாகவே நடந்து வந்தது.

இப்படியொரு தளர்ச்சி உண்டென்பது முன்னோர்க்குத் தெரியாத சங்கதி அன்று. 1658-இல் லண்டனில் அச்சான ரிவேரியஸ் என்பவரின் வைத்திய நூலின் ஆங்கிலப் பதிப்பிலேயே, கடினமான பிரசவத்தாலோ கருச்சிதைவாலோ கர்ப்பப்பையின் இழைகள் சிதைந்து உள்வாய் தளர்ந்துபோவதைப் பற்றிய குறிப்பு இருக்கிறது. 1865-இல் லாண்செட் பத்திரிகையில் கிரீம் என்ற வைத்தியர் இந்தப் பலவீனத்துக்கு ஒரு பெயரும் சூட்டினார். பெயர் கிடைத்ததே தவிர, பரிகாரம் கிடைக்கவில்லை. கால்மாட்டை உயர்த்திப் படுக்க வைப்பதும், மாதக் கணக்கில் எழுந்து நடமாட விடாமல் தடுப்பதும், தேவதைகளுக்கு நேர்ந்துகொள்வதுமாகவே தலைமுறைகள் கழிந்தன.

இருபதாம் நூற்றாண்டின் நடுவில் மருந்துக் கடைகள் ஒரு நம்பிக்கையை விற்றன. 1938-இல் ரசாயன முறையில் உண்டாக்கப்பட்ட டைஎதில்ஸ்டில்பெஸ்ட்ரால் என்னும் செயற்கை ஹார்மோனை, கருச்சிதைவைத் தடுக்கும் என்று அமெரிக்காவிலும் ஐரோப்பாவிலும் லட்சக்கணக்கான கர்ப்பிணிகளுக்குக் கொடுத்தார்கள். சிகாகோவில் டிக்மன் என்பவரும் அவருடைய சகாக்களும் முறையாகச் சோதித்து, அதனால் பயனில்லை என்று 1953-இலேயே வெளியிட்ட பின்னரும் அதைக் கொடுப்பது நிற்கவில்லை. அதை உட்கொண்ட தாய்மாருக்குப் பிறந்த பெண்களிடத்தில் ஓர் அபூர்வமான புற்றுநோய் தோன்றுவதை 1971-இல் பாஸ்டன் நகரத்து வைத்தியர்கள் கண்டுபிடித்த பிறகே உலகம் விழித்துக்கொண்டது. அந்தப் பெண்களில் பலருக்குக் கர்ப்பப்பை வாயே சரியாக வளராமல், தாங்களும் கருவைக் காக்க முடியாதவர்களாய்க் குறைப்பிரசவத்துக்கு ஆளானார்கள் என்பது அதனோடு சேர்ந்து தெரியவந்த கொடுமை. தாயின் கருவைக் காக்கக் கொடுத்த மருந்து மகளின் கருவைப் பறித்த இந்த விஷயத்தை, பரீட்சை செய்யாத பரிகாரங்களை அவசரப்பட்டு நம்புகிறவர்கள் மறக்கலாகாது.

சஸ்திர சிகிச்சையால் இந்தக் குறையைத் தீர்க்கலாம் என்ற எண்ணம் பிரான்சில் 1948-இல் பால்மர், லாகோம் என்ற இருவராலும், சிகாகோவில் 1950-இல் லாஷ் என்ற இருவராலும் முன்வைக்கப்பட்டது. ஆனால் அவர்கள் செய்தது கர்ப்பம் இல்லாத காலத்துச் சிகிச்சை; வாயின் சுவரில் தளர்ந்த பகுதியை வெட்டி நீக்கித் தைப்பது. அப்படித் தைத்த பின் சிலர் கருத்தரிக்கவே முடியாமற் போனார்கள். கர்ப்பம் நடந்துகொண்டிருக்கும்போதே, கண்ணெதிரே வாய் திறந்துவரும் பெண்ணுக்கு என்ன செய்வது என்பதற்கு அந்த முறையில் விடையில்லை.

அந்த விடையைத் தந்தவர் விட்டல் நாகேஷ் ஷிரோட்கர். கோவாவின் ஷிரோடா கிராமத்தில் 1899-இல் பிறந்து, ஹூப்ளியில் படித்து, பம்பாய் கிராண்ட் மெடிக்கல் காலேஜில் பட்டம் பெற்று, 1931-இல் இங்கிலாந்தில் எஃப்.ஆர்.சி.எஸ். தேறித் திரும்பி, படித்த கல்லூரியிலேயே ஆசிரியராக இருந்தவர் அவர். நாலாம் மாதத்துக்கும் ஏழாம் மாதத்துக்கும் இடையில் திரும்பத் திரும்பக் கருவை இழக்கும் பெண்கள் தம்மிடம் வருவதையும், ஓய்வாலும் ஹார்மோன் ஊசியாலும் அவர்களுக்கு ஒன்றும் ஆகாததையும் ஆண்டுக்கணக்கில் கவனித்த அவர், அடுத்தடுத்துக் கைப்பரிசோதனை செய்து, உள்வாயின் தளர்ச்சியை ஐயமற நிரூபிக்க முடிந்தவர்களிடத்தில் மட்டுமே தம் முறையைக் கையாண்டார். வாய்க்கு மேலே சிறிதாகக் கீறி, சிறுநீர்ப்பையை மேலே ஒதுக்கி, உள்வாயின் மட்டத்துக்கே சென்று, அந்தப் பெண்ணின் தொடைத் தசையைப் போர்த்தியிருக்கும் வலுவான சவ்விலிருந்து எடுத்த ஒரு நாடாவைத் தோலடியாகச் சுற்றி இழுத்து முடிந்துவிடுவது அவர் முறை. தொடைச் சவ்வுக்குப் பதிலாகச் செயற்கை இழை நாடா பின்னாளில் வந்தது. பிரசவம் நெருங்கும்போது முடிச்சை அவிழ்த்துவிடலாம். அல்லது நாடாவை அப்படியே விட்டுவிட்டு வயிற்றைத் திறந்து குழந்தையை எடுக்கலாம்.

இந்த முறையை உலகம் அறியும்படி அவர் எழுதிய கட்டுரை எந்த ஊர்ப் பத்திரிகையில் வந்தது என்பது தமிழ் வாசகர்கள் பெருமையுடன் அறியத்தக்கது. சென்னையில் டாக்டர் யு. ராமராவ் 1904-இல் தொடங்கிய ‘ஆன்டிசெப்டிக்’ என்ற வைத்திய மாசிகையின் 52-ஆம் தொகுதியில், 1955-ஆம் ஆண்டில், 299-ஆம் பக்கத்தில் அது வெளிவந்தது. அன்றிலிருந்து இன்றுவரை, டோக்கியோவிலோ டொராண்டோவிலோ இந்தத் தையலைப் பற்றி ஆராய்ச்சி செய்பவர் யாராயினும், தம் கட்டுரையின் அடியில் சென்னைப் பத்திரிகை ஒன்றின் பெயரை எழுத வேண்டியிருக்கிறது. இந்திய சஸ்திர வைத்தியர் ஒருவரின் பெயரால் உலகத்துப் பிரசவ அறைகளில் எல்லாம் நாள்தோறும் அழைக்கப்படும் சிகிச்சைகள் மிகச் சிலவே. அவற்றில் இது தலையாயது. ஷிரோட்கருக்கு 1960-இல் பத்ம பூஷண் விருது கிடைத்தது. 1971-இல் பத்ம விபூஷண் அளிக்கப்பட்டது. அந்த ஆண்டிலேயே அவர் காலமானார்.

ஷிரோட்கரின் கட்டுரை வந்து இரண்டு ஆண்டுகள் கழித்து, 1957-இல், ஆஸ்திரேலியாவின் மெல்போர்னைச் சேர்ந்த இயான் மக்டொனால்ட் இதை மேலும் எளிதாக்கினார். கீறலும் வேண்டாம், சிறுநீர்ப்பையை ஒதுக்கவும் வேண்டாம். கர்ப்பப்பை வாயைச் சுற்றி நாலைந்து இடங்களில் தடித்த பட்டு நூலைக் கோத்து வாங்கி, பாட்டிமார் இடுப்பில் செருகியிருக்கும் சுருக்குப்பையின் கயிற்றை இழுப்பதுபோல் இழுத்து முடிந்தால் போதும் என்றார். 70 பெண்களுக்கு அப்படிச் செய்ததை அவர் வெளியிட்டார். சிறிய ஆஸ்பத்திரியிலும் சில நிமிஷங்களில் செய்துவிடக்கூடியதாக இருந்தமையால் அம்முறையே எங்கும் பரவிற்று. நம் ஊரில் ‘வாய் லூஸாக இருக்கிறது, ஸ்டிச் போட்டிருக்கிறார்கள்’ என்று ஒரு வீட்டில் சொன்னால், பெரும்பாலும் அது மெல்போர்ன் வைத்தியரின் தையலாகத்தான் இருக்கும்.

ஊசி வந்துவிட்டது, ஆனால் யாருக்குப் போடுவது? கர்ப்பம் இல்லாத காலத்தில் 8-ஆம் எண் ஹேகர் கம்பியை உள்வாயில் செலுத்திப் பார்த்து, தடையில்லாமல் நுழைந்தால் வாய் தளர்ந்தது என்று முடிவு கட்டினார்கள் சிலர். இரண்டு முறை இழந்தால் போடலாம் என்றார்கள் சிலர், மூன்று முறை என்றார்கள் வேறு சிலர். எதிலும் நிச்சயம் இல்லை. ஆகவே ஒருபுறம் தையல் தேவைப்படாத பலருக்குத் தையல் போடப்பட்டது. மறுபுறம், முதல் கர்ப்பத்திலேயே வாய் திறந்த பெண் தன் முதற்குழந்தையைச் சாட்சியாகக் கொடுத்தால் அன்றி அவள் குறை நிரூபணமாகவில்லை. பிரிட்டனில் வைத்திய ஆராய்ச்சிக் கவுன்சிலும் மகப்பேறு வைத்தியர்களின் ராயல் காலேஜும் சேர்ந்து, தையல் போடலாமா வேண்டாமா என்று வைத்தியர்களே ஐயுற்ற 1,292 பெண்களைக் கொண்டு நடத்திய பெரிய பரீட்சையின் முடிவு 1993-இல் வெளியாயிற்று. 33 வாரத்துக்கு முன் பிரசவித்தவர்கள் தையல் போட்டவர்களில் நூற்றுக்கு 13. போடாதவர்களில் நூற்றுக்கு 17. அதாவது, ஒரு பெண்ணுக்குப் பலன் கிடைக்க ஏறக்குறைய 25 பெண்களுக்குத் தையல் போட வேண்டும். அந்த 25 பேரில் அந்த ஒருத்தி யார் என்று காட்டிக்கொடுக்க ஒரு கண் வேண்டியிருந்தது.

அந்தக் கண் பிறந்த இடம் ஆஸ்பத்திரி அன்று. 1955 ஜூலை 21-ஆம் நாள், ஷிரோட்கரின் கட்டுரை சென்னையில் அச்சான அதே ஆண்டில், கிளாஸ்கோ பல்கலைக்கழகத்தின் பிரசவ வைத்தியப் பேராசிரியர் இயான் டொனால்ட், தாம் சஸ்திர சிகிச்சையால் அகற்றிய கட்டிகளையும் நீர்க்கட்டிகளையும் காரில் ஏற்றிக்கொண்டு, ரென்ஃப்ரூவில் இருந்த பாப்காக் அண்ட் வில்காக்ஸ் என்ற பாய்லர் தொழிற்சாலைக்குப் போனார். பாய்லர்களின் இரும்புப் பற்றவைப்பில் கண்ணுக்குத் தெரியாத கீறல் உண்டா என்று செவிக்கு எட்டாத ஒலியலைகளைச் செலுத்திப் பார்க்கும் கருவி அங்கே இருந்தது. ஒப்பிட்டுப் பார்ப்பதற்கு ஒரு பெரிய மாட்டிறைச்சித் துண்டும் வைத்துக்கொண்டார்கள். திடமான கட்டியிலிருந்து வரும் எதிரொலியும் நீர் நிறைந்த கட்டியிலிருந்து வரும் எதிரொலியும் வேறுபடுவதை அன்று அவர் கண்டார். கெல்வின் அண்ட் ஹியூஸ் கம்பெனியின் இளம் எஞ்சினியர் டாம் பிரௌன் பின்பு அவரோடு சேர்ந்துகொண்டு உடலைப் படமாகவே காட்டும் யந்திரத்தை உருவாக்கினார். வயிற்றில் முற்றிய புற்றுநோய் என்று கைவிடப்பட்ட ஒரு பெண்ணுக்கு இருப்பது வெறும் சினைப்பை நீர்க்கட்டி என்று அந்த யந்திரம் காட்ட, அதை அகற்றி அவளைப் பிழைக்கவைத்தார்கள். டொனால்ட், மக்விக்கார், பிரௌன் மூவரும் எழுதிய கட்டுரை 1958 ஜூன் 7-ஆம் நாள் லாண்செட்டில் வந்தது. கப்பற்படைக்காகவும் தொழிற்சாலைக்காகவும் வளர்ந்த ஒரு வித்தை கர்ப்பிணியின் பக்கத்தில் வந்து நின்றது அப்படித்தான்.

சிறுநீர்ப்பை நிரம்பியிருந்தால் அதன் வழியே ஒலியலை தடையின்றிச் சென்று கர்ப்பப்பையைத் தெளிவாகக் காட்டும் என்பதை 1963 வாக்கில் டொனால்ட் கண்டறிந்தார். ஸ்கேன் எடுக்குமுன் நிறையத் தண்ணீர் குடித்துவிட்டு அடக்கிக்கொண்டு உட்கார்ந்திருங்கள் என்று இன்றும் சொல்கிறார்களே, அதற்கு மூலம் இதுவே. ஆனால் கர்ப்பப்பை வாயைப் பொறுத்தமட்டில் இந்த உதவியே உபத்திரவமாயிற்று. 1970-களின் இறுதியில் வயிற்றின் மேலிருந்து கர்ப்பப்பை வாயைப் பார்க்க முயன்றபோது, நிரம்பிய சிறுநீர்ப்பை அதை முன்னும் பின்னும் நெருக்கி உண்மையைவிட நீளமாகவும், திறந்த வாயை மூடியதாகவும் காட்டிற்று. சிறுநீர்ப்பையைக் காலி செய்தாலோ குழந்தையின் தலை மறைத்துக்கொண்டது. நோயை மறைக்கும் படம் படமில்லாமையைவிடப் பொல்லாதது. 1980-களில் யோனி வழியே செலுத்தும் மெல்லிய புரோப் பழக்கத்துக்கு வந்த பிறகே உள்வாயும் வெளிவாயும் இடையிலுள்ள குழாயும் ஒரே படத்தில் தெரியலாயின.

அளக்கும் முறையைச் சற்று அருகிலிருந்து பார்க்கலாம். வந்த பெண்ணை முதலில் சிறுநீர் கழித்துவிட்டு வரச் சொல்கிறார்கள். டொனால்ட் காலத்து விதி இங்கே நேர்மாறு. உறையிட்டு ஜெல் பூசிய புரோப்பை முன்பக்க மடிப்புவரை மெதுவாக வைத்து, படம் தெரிந்ததும் சற்றே பின்னுக்கு இழுத்து, மங்கும் தருணத்தில் நிறுத்தி, தெளிவு வரும் அளவுக்கு மட்டும் மறுபடி அழுத்துகிறார்கள். அழுத்தம் மிகுந்தால் வாய் நீளமாகத் தோன்றிப் பொய் சொல்லும். படத்தின் முக்கால் பங்கு கர்ப்பப்பை வாயாக இருக்க வேண்டும். முன்சுவரும் பின்சுவரும் ஒரே கனமாகத் தெரிய வேண்டும். பிறகு உள்வாயிலிருந்து வெளிவாய்க்குக் கோடிழுத்து, மூன்று முறை அளந்து, மிகக் குறைந்த அளவைக் குறித்துக்கொள்கிறார்கள். வாய் அசையாப் பொருள் அன்று. பார்த்துக்கொண்டிருக்கும்போதே சுருங்கவும் திறக்கவும் கூடும். ஆகையால் மூன்று முதல் ஐந்து நிமிஷமாவது பொறுத்திருக்க வேண்டும். மூடிய வாய் ஆங்கில ‘டி’ எழுத்தின் வடிவில் தெரியும். திறக்கத் தொடங்கினால் ‘ஒய்’ ஆகும். பிறகு ‘வி’, கடைசியில் ‘யூ’. வெளிவாய் அதுவரையில் மூடியேதான் இருக்கும். விரலால் பார்த்தவர்கள் ஏமாந்ததன் காரணம் அந்தப் படத்தில் பட்டவர்த்தனமாகத் தெரிகிறது.

அளக்க முடிந்ததும் அளவுக்குப் பொருள் காண வேண்டும் அல்லவா? 1990-இல் ஆண்டர்சனும் சகாக்களும் 113 பெண்களை அளந்து, வாய் குறுகியவர்களுக்குக் குறைப்பிரசவம் மிகுதி என்று காட்டினார்கள். ஆறு ஆண்டுகள் கழித்து ஜே அயம்ஸ் தலைமையில் அமெரிக்காவின் பத்து ஆஸ்பத்திரிகளில் 2,915 பெண்களை 24-ஆம் வாரத்தில் அளந்த ஆராய்ச்சி, இத்துறைக்கே அடிமணையாயிற்று. சராசரி நீளம் 35 மில்லிமீட்டர். 40-க்கு மேல் உள்ளவர்களோடு ஒப்பிட, 26-ம் அதற்குக் கீழும் உள்ளவர்களுக்கு 35 வாரத்துக்கு முன் பிரசவிக்கும் அபாயம் ஆறு மடங்கு; 22-ம் அதற்குக் கீழுமானால் ஒன்பது மடங்குக்கு மேல்; 13-ம் அதற்குக் கீழுமானால் பதினான்கு மடங்கு. இன்று பல நாடுகளிலும் வழங்கும் ‘25 மில்லிமீட்டர்’ என்ற எல்லைக்கோட்டின் பின்னே நிற்பது இந்தக் கணக்கே. அதைவிட ஆழ்ந்த உண்மை ஒன்றும் இதில் உண்டு. வாய் ஒன்று நல்லது, ஒன்று கெட்டது என்று இரண்டாகப் பிரிந்து கிடக்கவில்லை. நீளம் குறையக் குறைய அபாயம் படிப்படியாக ஏறுகிறது. ஒரு முறைகூடக் குழந்தையை இழக்காத பெண்ணையும் இந்த அளவு எச்சரிக்க முடிந்தது என்பதே, நாற்பது ஆண்டு காத்திருந்ததற்குக் கிடைத்த பலன்.

இனி, குறுகிய வாயைக் கண்டால் ஷிரோட்கரின் தையலைப் போட்டுவிட வேண்டியதுதானே என்று எவரும் நினைப்பார்கள். லண்டனில் நிக்கோலைட்ஸ் என்ற வைத்தியரின் குழுவினரும் அதைத்தான் சோதித்தார்கள். பல நாடுகளில் 47,123 பெண்களை அளந்து, 15 மில்லிமீட்டரும் அதற்குக் குறைவுமாக இருந்த 470 பேரைக் கண்டு, இசைந்த 253 பேரை இரு கூறாக்கி, ஒரு கூறுக்கு ஷிரோட்கர் முறையிலேயே தையல் போட்டார்கள். 2004-இல் வெளியான முடிவு பலரைத் திடுக்கிட வைத்தது: 33 வாரத்துக்கு முன் பிரசவம் தையலோடு நூற்றுக்கு 22, தையலில்லாமல் 26, வித்தியாசம் என்று சொல்லத்தக்கதாக இல்லை. ஆனால் முன்பே குறைப்பிரசவம் நேர்ந்து, இந்தக் கர்ப்பத்திலும் வாய் 25-க்குக் கீழே குறுகியவர்களைத் தனியே எடுத்து 302 பேரிடம் ஓவனும் சகாக்களும் சோதித்து 2009-இல் வெளியிட்டபோது, குழந்தைச் சாவு நூற்றுக்கு 16-லிருந்து 9-க்கு இறங்கியிருந்தது. பம்பாய் வைத்தியர் தொடக்கத்தில் தமக்கு விதித்துக்கொண்ட கட்டுப்பாடு, முன் இழப்பும் கண்கூடான தளர்ச்சியும் சேர்ந்தவர்களுக்கே தையல் என்பது, எவ்வளவு நுட்பமான விவேகம் என்பதை அரை நூற்றாண்டுக்குப் பின் வந்த யந்திரம் மெய்ப்பித்தது.

முன் இழப்பு இல்லாதவர்களுக்கு வழி வேறிடத்தில் கிடைத்தது. 24-ஆம் வாரம் முதல் 34-ஆம் வாரம்வரை இரவுதோறும் யோனியில் வைத்துக்கொள்ளும் 200 மில்லிகிராம் புரோஜெஸ்டிரோன் மாத்திரை, 15 மில்லிமீட்டரும் அதற்குக் குறைவுமான வாய் உள்ள 250 பெண்களிடம் சோதிக்கப்பட்டபோது, 34 வாரத்துக்கு முந்திய பிரசவம் நூற்றுக்கு 34-லிருந்து 19-ஆகக் குறைந்தது என்பது 2007-இல் வெளியாயிற்று. 2011-இல் பத்து நாடுகளில் நடந்த மற்றொரு பரீட்சையும் அதை உறுதி செய்தது. வாயைச் சுற்றிச் சிலிக்கோன் வளையத்தை மாட்டும் முறைக்கு 2012-இல் ஸ்பெயினிலிருந்து வந்த புகழ் நிலைக்கவில்லை. இரட்டைக் கர்ப்பத்தில் வாய் குறுகியது என்பதற்காக மட்டும் தையல் போடுவது நன்மையைவிடத் தீமையாகலாம் என்று 2005-இலேயே எச்சரிக்கை எழுந்தது. எனினும், வாய் திறந்தே விட்ட இரட்டைக் கர்ப்பிணிகளிடம் தையல் பல குழந்தைகளைக் காத்ததாக 2020-இல் வந்த சிறிய பரீட்சை சொல்கிறது. இந்த அத்தியாயம் இன்னும் எழுதப்பட்டுக்கொண்டுதான் இருக்கிறது.

எல்லாக் கர்ப்பிணிகளையும் அளக்க வேண்டுமா என்பதில் நாடுகள் ஒத்துப்போகவில்லை. மகப்பேறு வைத்தியர்களின் சர்வதேச சம்மேளனம் 19-ஆம் வாரத்துக்கும் 24-ஆம் வாரத்துக்கும் இடையில் எல்லோருக்கும் அளக்கலாம் என்கிறது. பிரிட்டனின் தேசிய பரிசோதனைக் குழுவோ பொதுவாக எல்லோருக்கும் வேண்டும் என்று சிபாரிசு செய்யவில்லை. பிரிட்டனின் தயக்கத்துக்கு நியாயம் உண்டு; குறுகிய வாய் உள்ள பலர் நிறைமாதம் வரை போய்ப் பிரசவிக்கிறார்கள், அவர்களை வீணே கலங்கச் செய்யலாகாது. ஆயினும் 2020-ஆம் ஆண்டில் உலகில் பிறந்த குறைமாதக் குழந்தைகள் சுமார் 1 கோடியே 34 லட்சம் என்றும், அவர்களில் 30 லட்சத்துக்கு மேல் இந்தியாவில் பிறந்தார்கள் என்றும் கணக்கிட்டிருக்கும்போது, நம் நாட்டின் கணக்கு பிரிட்டனின் கணக்காக இருக்க முடியாது. இங்கே கர்ப்பிணிகளில் பலர் ஐந்தாம் மாதத்தில், குழந்தையின் உறுப்புகளில் குறை உண்டா என்று பார்க்கும் அனாமலி ஸ்கேனுக்கு எப்படியும் வருகிறார்கள். கர்ப்பிணிக்கு எடுக்கும் எந்த ஸ்கேனுக்கும், கருவின் பாலினம் அறிவதைத் தடுக்கும் 1994-ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி படிவம் பூர்த்தி செய்தாகிறது. யந்திரமும் மேஜையும் ஆளும் தயார். வயிற்றின் மேலிருந்து பார்த்து ‘வாய் 3.4 சென்டிமீட்டர், மூடியிருக்கிறது’ என்று ஒரு வரி எழுதி முடிப்பதோடு நிற்காமல், அந்த அளவு குறைவாகவோ தெளிவின்றியோ தெரியும்போதாவது உள்வழிப் புரோப்பால் அளந்துவிட வேண்டும். அதற்குத் திரையிட்ட ஓர் இடமும், உடன் நிற்க ஒரு பெண் ஊழியரும், எதற்காக இதைச் செய்கிறோம் என்று படுத்திருப்பவளுக்குத் தமிழில் இரண்டு வார்த்தையும் வேண்டும். அந்த மூன்றும் இல்லாத அறையிலிருந்துதான் பெண்கள் ‘வேண்டாம் டாக்டர், மேலாகவே பார்த்துவிடுங்கள்’ என்று சொல்லி எழுந்து போகிறார்கள்.